திரவச் சோப்பும் கலவைக் குறிப்பின் கடமையும்

சோப்புச் செய்தல் இன்று பள்ளிகளிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் பரவலாகக் கற்பிக்கப்படும் சிறு தொழில்களுள் ஒன்றாகும். கட்டிச் சோப்பே அன்றி, கை கழுவுவதற்குரிய திரவச் சோப்பையும் கிளிசரின் சேர்த்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை விளக்கும் துண்டுப் பிரசுரங்கள் நம் நாட்டு மொழிகள் பலவற்றில் வழங்குகின்றன. இத்தகைய பிரசுரங்களை ஆங்கிலத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் தமிழாக்குவது என் அலுவல்களுள் ஒன்று. அவற்றின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டியவன் என்ற முறையில், ஒரு கருத்தைக் களப்பணியாளர்கள் முன்பும் ஆசிரியப் பெருமக்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

எந்த எண்ணெய், எத்தனை சதவீத வலிமையுள்ள காரம், எவ்வளவு நீர், அந்நீரை எப்பொழுது சேர்ப்பது என்னும் இவற்றை எடைக் கணக்கிற் கூறாத குறிப்பை நாம் மக்களிடம் கொடுத்தல் ஆகாது என்பதே அக்கருத்து. சமையற் குறிப்பில் உப்பு ஒரு சிட்டிகை மிகுந்தால் சுவை கெடும், அவ்வளவே. சோப்புக் குறிப்பில் காரம் மிகுந்தால் குழந்தையின் கை புண்ணாகும். காரக் கரைசல் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். "எண்ணெய் இரண்டு கிண்ணம், காஸ்டிக் நான்கு கரண்டி, தேவையான அளவு தண்ணீர்" என்று எழுதிவிட்டு, "எளிய முறை" என்று தலைப்பிடுவது எளிமையன்று; பொறுப்பைப் படிப்பவர் தலையில் ஏற்றுவதாகும்.

சோப்பு உண்டாகும் விதம்

எண்ணெயும் கொழுப்பும், கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்து அமைந்தவை. அவற்றைக் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அவ்விணைப்புப் பிரிகிறது. கொழுப்பு அமிலம் காரத்தோடு கூடிச் சோப்பாகிறது. கிளிசரின் தனியே வெளிப்படுகிறது. ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே 1779ஆம் ஆண்டில் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்ஸைடுடன் சூடாக்கி, இனிப்புச் சுவையுள்ள இத்திரவத்தைக் கண்டறிந்தார். பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ரோல் கொழுப்புகளைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை 1823இல் வெளியிட்டு, அவற்றின் அமைப்பைத் தெளிவுபடுத்தினார். கைப்பழக்கத்தால் நடந்து வந்த தொழில் கணக்குக்கு உட்பட்டது இத்தகைய ஆராய்ச்சிகளால்தான்.

சோடியம் ஹைட்ராக்ஸைடு என்னும் எரி சோடாவைக் கொண்டு செய்தால் சோப்புக் கட்டியாகும். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் எரி பொட்டாஷைக் கொண்டு செய்தால் அது மென்மையான பசையாகும். நீரில் எளிதிற் கரையும். திரவச் சோப்புக்கு ஏற்றது இரண்டாவதே. முதலில் பசையைச் செய்துகொண்டு, பின்னர் அதனை வேண்டிய அளவு நீரில் கரைத்துக்கொள்வதே இதற்கு உரிய முறை. ஆகவே இத்தொழிலில் இரு படிகள் உள்ளன: பசை செய்தல் ஒன்று, நீர்த்தல் மற்றொன்று. முதற்படியில் தவறினால் தோலுக்குக் கேடு. இரண்டாம் படியில் தவறினால் நோய்க் கிருமிகளுக்கு இடம்.

சொல்லால் விளையும் கேடு

மொழிபெயர்ப்பாளன் முதலில் அஞ்ச வேண்டியது சொல்லை. "பொட்டாஷ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வேளாண்மைத் துறையின் களப்பணியாளருக்கும் உழவருக்கும் பொட்டாஷ் என்றால் வயலுக்கு இடும் உரம். அது பொட்டாசியம் குளோரைடு. அதை எண்ணெயில் எத்தனை நாழிகை கிளறினாலும் சோப்பு வராது. "காஸ்டிக்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் எரி சோடாவே. "சோடா" என்றாலோ சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் நினைவுக்கு வரும். "காரம்" என்ற நம் சொல்லே அடுக்களையில் மிளகாயைக் குறிக்கும். எனவே "எரி பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு)" என்று முழுப் பெயரையும் குறிப்பில் எழுதுவதோடு, "எரி சோடாவன்று, உரக்கடைப் பொட்டாஷும் அன்று" என்று விலக்கியும் எழுதுதல் வேண்டும்.

கிளிசரின் என்ற சொல்லும் தனித்து நின்றாற் போதாது. ஒரே பெயரில் தொழிற்சாலைத் தரமும் மருந்துத் தரமும் சந்தையில் உள்ளன. 1986ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு பெரிய மருத்துவமனையில், டை-எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருள் கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டு நோயாளிகள் 14 பேர் உயிரிழந்தனர். கை கழுவும் சோப்பு உட்கொள்ளும் மருந்தன்று என்பது உண்மையே. எனினும் குழந்தைகளின் கையிற் படும் பொருளுக்கு, தரம் குறிக்கப்படாத பீப்பாய்க் கிளிசரினை மலிவு கருதி வாங்குமாறு எவரும் கூறலாகாது. தரத்தைக் கேட்டு, அது சீட்டில் எழுதப்பட்டுள்ள குப்பியை வாங்குமாறு குறிப்பிலேயே கூறிவிட வேண்டும்.

எண்ணெய் மாறினால் எண்ணும் மாறும்

சொல்லை மொழிபெயர்க்கலாம், எண்ணை அவ்வாறு பெயர்த்துக்கொள்ள இயலாது. நம் நாட்டில் வட்டாரத்துக்கு வட்டாரம் எண்ணெய் வேறுபடுகிறது. வங்காளத்திலும் வட மாநிலங்களிலும் கடுகெண்ணெய், கேரளத்தில் தேங்காயெண்ணெய், மத்திய இந்தியக் காடுகளை ஒட்டிய ஊர்களில் இலுப்பையெண்ணெய், நம் பக்கங்களில் நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் என்று எளிதிற் கிடைப்பது வெவ்வேறாக உள்ளது. ஒவ்வோர் எண்ணெயும் முழுவதும் சோப்பாக மாறுவதற்கு வேண்டிய காரத்தின் அளவும் வெவ்வேறே. 1 கிராம் எண்ணெய்க்கு வேண்டிய தூய எரி பொட்டாஷை மில்லிகிராமிற் கூறினால், தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 257, கடலையெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இலுப்பையெண்ணெய்க்கும் ஏறத்தாழ 190, ஆமணக்கெண்ணெய்க்கு 180, கடுகெண்ணெய்க்கு 173 ஆகும். இரசாயன நூல்களில் இவ்வெண் "சோப்பாக்க எண்" எனப்படும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. 500 கிராம் கடுகெண்ணெய்க்கு 86.5 கிராம் தூய எரி பொட்டாஷ் போதும். அதே எடைத் தேங்காயெண்ணெய்க்கு 128.5 கிராம் வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு என எழுதிய குறிப்பைக் கடுகெண்ணெய்க்குக் கையாண்டால் 42 கிராம் எரி பொட்டாஷ் சோப்பிலே மிகுந்து நிற்கும். அது கையை அரிக்கும். கடுகெண்ணெய்க் குறிப்பைத் தேங்காயெண்ணெய்க்குக் கையாண்டால் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமலே நின்று மேலே மிதக்கும். இந்தியில் "தேல்" என்று எழுதியதைத் தமிழில் "எண்ணெய்" என்று பெயர்ப்பது பிழையற்ற மொழிபெயர்ப்பாகவே தோன்றும். ஆனால் படிப்பவர் தம் வீட்டு எண்ணெயை ஊற்றும் கணத்தில், அப்பிழையற்ற வாக்கியம் பிழையான கட்டளையாகிவிடுகிறது.

எண்ணெயைப் போன்றே காரத்தின் வலிமையும் முக்கியமானது. கடையில் விற்கும் எரி பொட்டாஷ் செதில்கள் நூற்றுக்கு நூறு தூய்மையானவை அல்ல. பெரும்பாலும் 85 முதல் 90 சதவீதம் வரையே தூய்மை உடையவை. மேலும், திறந்து வைத்தால் அவை காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஈர்த்து வலிமை குன்றும். ஆகவே வலிமையைக் கூறாமல் எடையை மட்டும் கூறும் குறிப்பு அரைக் குறிப்பே.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, உலக சுகாதார நிறுவனத்தின் கைத்தூய்மைக் கரைசலுக்கான குறிப்பு பல நாடுகளிலும் பயன்பட்டது. 10 லிட்டர் கரைசலுக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லிலிட்டர், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு 417 மில்லிலிட்டர், 98 சதவீத கிளிசரின் 145 மில்லிலிட்டர், எஞ்சியது கொதித்து ஆறிய நீர் அல்லது வாலை வடிநீர் என்பது அக்குறிப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் அளவோடு வலிமையும் கூறப்பட்டிருப்பதைக் காண்க. எந்த மொழியில் எந்த ஊருக்குச் சென்றாலும் அதன் பொருள் திரியாது. சோப்புக் குறிப்பும் அவ்வாறு இருக்கலாகாதா?

ஒரு கணக்கு

நான் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாததன்று என்பதைக் காட்ட ஒரு கணக்கை இங்கே தருகிறேன். தேங்காயெண்ணெய் 400 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் எனக் கொள்வோம். முதலதற்கு 400 x 0.257 = 102.8 கிராம்; இரண்டாவதற்கு 100 x 0.180 = 18.0 கிராம், ஆக 120.8 கிராம் தூய எரி பொட்டாஷ் வேண்டும். காரம் எள்ளளவும் மிகாதிருக்க வேண்டி, நூற்றுக்கு 3 பங்கு குறைத்துக்கொண்டால் 117.2 கிராம். வாங்கிய செதில் 90 சதவீதத் தூய்மையுடையது எனின், 117.2 ஐ 0.90 ஆல் வகுக்க 130 கிராம் ஆகும். 85 சதவீதம் எனின் 138 கிராம் ஆகும். எட்டாம் வகுப்பு மாணவர் செய்யத்தக்க கணக்கே இது.

85 சதவீதச் செதிலுக்கு எழுதிய 138 கிராமை 90 சதவீதச் செதிலுக்கு இட்டால், வேண்டியதற்கு மேல் 3 கிராமுக்கு அதிகமான காரம் எஞ்சும். எரி பொட்டாஷுக்குப் பதிலாக எரி சோடாவை 130 கிராம் இட்டுவிட்டாலோ, அந்த எண்ணெய்க்கு வேண்டியது 86 கிராமே ஆதலால், ஏறத்தாழ 40 கிராம் எரி சோடா அப்படியே நிற்கும். "காஸ்டிக்" என்ற ஒரு சொல்லின் விலை அது.

செய்முறையையும் சுருக்கமாகக் கூறுவேன். 130 கிராம் நீரில் 130 கிராம் செதிலைச் சிறிது சிறிதாக இட்டுக் கரைக்க வேண்டும். காரத்தை நீரில் இடுக. நீரைக் காரத்தின் மேல் ஊற்றற்க. கரைசல் மிகுந்த சூடடையும். அது தெளிந்த பின் 260 கிராம் கிளிசரினை அதனோடு கலந்து, மிதமாகச் சூடேற்றிய எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருத்தல் வேண்டும். அலுமினியத்தைக் காரம் தின்றுவிடும். அதனின்றும் எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். கலவை பொங்கக்கூடும், ஆதலால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. கலவை இறுகிய பின், கொதிநீர்ப் பாத்திரத்துள் அதனை வைத்து, பசை கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நிலையை எய்தும் வரை மெல்லிய சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

காரத்தைக் கையாளுவோர் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணிதல் இன்றியமையாதது. தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால், உடனே ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் இடைவிடாது கழுவி, கண்ணாயின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணில் எலுமிச்சைச் சாறோ காடியோ விடுவது கேட்டை மிகுவிக்கும். பள்ளிகளில் இம்முதற்படியை ஆசிரியரே செய்து காட்டட்டும். எடை போடுதல், கணக்கிடுதல், பின்னர் நீர்த்தல், சோதித்தல் ஆகியவற்றை மாணவர்களிடம் விடலாம்.

கிளிசரின் எதற்கு?

கிளிசரின் சேர்ந்தது தோலை மென்மையாக்கும் என்பதே விளம்பரங்களில் நாம் கேட்பது. அதற்காக அதனை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. எண்ணெய் சோப்பாகும்போது அதனுள்ளிருந்தே கிளிசரின் வெளிவருகிறது. மேற்கூறிய 500 கிராம் எண்ணெயில் ஏறத்தாழ 64 கிராம் கிளிசரின் அவ்வாறு கிடைக்கும். பெரிய தொழிற்சாலைகள் உப்பிட்டுச் சோப்பைப் பிரித்து, இக்கிளிசரினைத் தனியே எடுத்து விற்கின்றன. வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே தங்குகிறது.

வெளியிலிருந்து கிளிசரினைச் சேர்ப்பதன் பயன் வேறு. அது எண்ணெயையும் காரக் கரைசலையும் விரைவில் ஒன்றுகூடச் செய்து, கிளறும் நேரத்தைக் குறைக்கிறது. 290 பாகை சென்டிகிரேடில் கொதிப்பதாகையால், நீரைப் போல ஆவியாகிவிடாமல் பசையைத் தளர்வாக வைத்திருக்கிறது. நீர்த்த பின் சோப்பு தெளிவாக இருக்கவும் உதவுகிறது. பொருள் முடை உள்ள இடத்தில், கிளிசரினுக்குப் பதிலாக அதே எடை நீரைக் கொண்டும் பசையைச் செய்யலாம். நேரம் கூடுதலாகும், அவ்வளவே. இவ்வுண்மையைக் குறிப்பிற் கூறினால், கிளிசரின் கிடைக்காத சிற்றூரில் அத்தொழில் நின்றுபோகாது.

நீர்த்தல்

நான் அதிகம் கவலைப்படுவது இரண்டாம் படியைப் பற்றியே. "தேவையான அளவு நீர் சேர்க்கவும்" என்ற ஒரே வரியோடு பல குறிப்புகள் முடிந்துவிடுகின்றன. எதற்குத் தேவை, யார் அளந்தது என்ற வினாக்களுக்கு அங்கே விடை இல்லை.

மேற்கூறிய பசையின் மொத்த எடை 1,020 கிராம். அதில் சோப்பு ஏறத்தாழ 538 கிராம். கிளிசரின் 324 கிராம். நீர் 143 கிராம். எஞ்சியது மாறாத எண்ணெய். நூற்றுக்கு 20 பங்கு சோப்புள்ள திரவம் வேண்டுமாயின், மொத்த எடை 2,690 கிராம் வரும்வரை, அதாவது 1,670 கிராம் நீர் சேர்க்க வேண்டும். 15 பங்கு போதுமாயின் 2,570 கிராம் நீர். கைக்கணக்காகக் கூறினால், பசை 1 பங்குக்கு நீர் முன்னதில் 1.6 பங்கு, பின்னதில் 2.5 பங்கு. 20 பங்குத் திரவத்தை ஒருவருக்கு 2 கிராம் வீதம் கொடுத்தால், இவ்வொரு முறைப் பசை ஏறத்தாழ 1,340 முறை கை கழுவப் போதும். நூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு, நண்பகல் உணவுக்கு முன் நாள்தோறும் ஒரு முறை எனக் கொண்டால், 13 பள்ளி நாட்களுக்கு வரும்.

பசையைச் சிறு துண்டுகளாக்கி வெந்நீரில் இட்டு மூடி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். அடித்துக் கலக்கினால் நுரையே மிஞ்சும். ஆறிய பின் மேலே ஆடை படிந்தால் நீர் போதவில்லை என்று பொருள். இன்னும் சிறிது வெந்நீரை நிறுத்துச் சேர்க்கலாம். கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பெரும்பாலும் கடின நீராதலின், அவற்றிலுள்ள கால்சியம் சோப்போடு கூடி வெண்மையான கசடாகும். நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவில் கடினத்தன்மைக்கு உரிய மேல் எல்லை லிட்டருக்கு 600 மில்லிகிராம். அத்தகைய நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 3 கிராம் சோப்பை வீணாக்கும். இழப்புச் சிறிதாயினும் திரவம் கலங்கிவிடும். வடிகட்டிக் கொதிக்க வைத்த மழைநீரோ வாலை வடிநீரோ சாலச் சிறந்தது.

திரவம் தண்ணீராக இருக்கிறதே என்று பலர் குறைப்படுவர். தேங்காயெண்ணெய்ச் சோப்பு இயல்பாகவே இளகிய திரவம். தடிப்பு வேறு, வலிமை வேறு. உப்பிட்டால் தடிக்கும் என்பது செயற்கைச் சலவைத் திரவங்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காரத்தைக் குறைக்கலாம் என்ற அறிவுரையும் தவறே. அமிலம் பட்டால் சோப்புச் சிதைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். செம்மையாகச் செய்த சோப்புக் கரைசலும் காரத்தன்மையுடையதே, அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும். அதனாற்றான், பள்ளிகளில் நாம் பழகிய மஞ்சள் தாள் இங்கே சோதனைக்கு உதவாது. நல்ல சோப்பிலும் சிவக்கும், காரம் மிகுந்த சோப்பிலும் சிவக்கும். எண் காட்டும் பி.எச். தாளே வேண்டும். 10.5க்கு மேற்பட்டால் அதனைக் கையிற் படவிடாது, பசையை மேலும் சூட்டில் வைத்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

இனி, கிருமிகளைப் பற்றியது. மேற்கண்ட பசையில் நீர் நூற்றுக்கு 14 பங்கே. சோப்பும் கிளிசரினும் அந்நீரைப் பிடித்து வைத்திருப்பதால் கிருமி வளர வழியில்லை. நீர்த்த திரவத்திலோ நீர் நூற்றுக்கு 67 பங்கு ஆகிவிடுகிறது; அழுத்தும் குப்பியின் வாயிலும் குழலிலும் ஈரம் எப்போதும் தங்குகிறது. சோப்பிலே கிருமி வாழுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தொடக்கப் பள்ளியில், திரும்பத் திரும்ப ஊற்றி நிரப்பும் சோப்புக் கலங்கள் மாசடைந்திருந்தமை கண்டறியப்பட்டது. அச்சோப்பினாற் கை கழுவிய பின், ஒரு வகைப் பாக்டீரியாக்கள் கைகளில் 26 மடங்கு பெருகியிருந்தன. தூய்மைக்காகச் செய்த செயல் அழுக்கைச் சேர்த்தது. அக்கலங்களில் இருந்தது தொழிற்சாலைச் சோப்பு. வீட்டுச் சோப்புக்கு எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும்.

ஆகவே, பசையைச் செய்து மூடிய கலத்தில் வைத்துக்கொள்க; ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும், கொதித்த நீரில், பயன்படும் இடத்திலேயே கரைத்துக்கொள்க; குப்பி காலியான பின் கழுவி வெயிலில் உலர்த்தி மீண்டும் நிரப்புக; பாதிக் குப்பியில் மேலும் ஊற்றற்க. இவ்வாறு செய்தால் மற்றொரு நன்மையும் உண்டு: பயிற்சி நிலையத்திலிருந்து பள்ளிகளுக்கு அனுப்புவோர் வெறும் நீரைச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. 1 கிலோ பசை, சேர்ந்த இடத்தில் 2.6 கிலோ திரவமாகும்.

மறுப்புகள்

"இத்தனை எண்கள் எழுதினால் கிராமத்து மக்கள் அஞ்சி விலகிவிடுவர், அவர்களிடம் தராசும் இல்லை" என்று கூறுவோர் உண்டு. நம் மக்கள் எடையறியாதவர்கள் அல்லர். நகைக் கடையில் குன்றிமணி அளவுக்கும் வாதாடுபவர்கள் அவர்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தபோது, படியும் ஆழாக்கும் தோலாவும் பலமும் பழகியிருந்தவர்கள் கிராமுக்கும் லிட்டருக்கும் மாறினர். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்தராசு இன்று எளிதிற் கிடைக்கிறது; குழுவுக்கு ஒன்று இருந்தாற் போதும். தராசு வாங்க இயலாத இடத்தில் எரி பொட்டாஷையும் வாங்க வேண்டா என்பதே என் துணிபு.

"செயற்கைச் சலவைப் பொருளை வாங்கி நீரும் உப்பும் கலந்தால் எரிகாரம் இல்லாமலே திரவம் கிடைக்கிறதே" என்பது மற்றொரு வாதம். அதில் நியாயம் உண்டு. எரிகாரத்தைக் கையாளும் ஆபத்து அங்கே இல்லை. பாத்திரம் துலக்குவதற்கு அது பயன்படும். ஆனால் அதைச் சோப்புச் செய்தல் என்று கற்பிப்பது முறையன்று, அது கலத்தல். பெயரைச் சரியாகக் கூறி, நீர்த்த பின் கெடாது காக்கும் முறையையும் கூறிக் கற்பிப்பதில் தடையில்லை. இரண்டில் எதுவாயினும், கைக்கும் உடலுக்கும் என விற்பனை செய்ய எண்ணுவோர், 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளும் வேண்டும் உரிமத்தைப் பெற வேண்டும் என்பதையும் குறிப்பு கூறட்டும். பயிற்சி முடிந்த பின் அச்செய்தியை அறிந்து இடர்ப்படுவோர் உண்டு.

நாம் செய்ய வேண்டுவது

குறிப்பை எழுதுவோர், மொழிபெயர்ப்போர், கற்பிப்போர் ஆகிய மூவர்க்கும் இதிற் பங்குண்டு. எழுதுவோர் எண்ணெய்ப் பெயரையும் காரத்தின் வலிமையையும் நீரின் எடையையும் கூறட்டும். மொழிபெயர்ப்போராகிய நாங்கள், மூலத்தில் இல்லாததைச் சேர்க்க உரிமையில்லை என்று ஒதுங்காமல், இன்னது விடுபட்டிருக்கிறது என்று எழுதியவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அச்சேறிய பின் திருத்துவதைவிட அது எளிது.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் ஒரு குறிப்பைக் கையிலெடுத்ததும் நான்கு வினாக்களைக் கேட்பார்களாக: எந்த எண்ணெய்? எந்தக் காரம், எத்தனை சதவீதம்? பசைக்கு எத்தனை பங்கு நீர்? நீர்த்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? விடையில்லாத குறிப்பைக் கொண்டு பயிற்சி நடத்த வேண்டா. எண்களை நிரப்பிய பின் நடத்தலாம். தம் வட்டாரத்து எண்ணெய்க்கு உரிய கணக்கைக் கரும்பலகையில் ஒரு முறை போட்டுக் காட்டினால், அடுத்த ஊருக்குச் சென்று வேறு எண்ணெயை எடுக்கும் பெண்மணியும் அதைத் தாமே போட்டுக்கொள்வார். அந்நிலை வந்த பின்பு அவருக்கு நம் துண்டுப் பிரசுரம் தேவைப்படாது. அது நாம் மகிழத்தக்க நிலையே.